நாகைக் கப்பலில் ஏழைக்கும் இடம் வேண்டும்

பாலங்கள் வருவதற்கு முன்னால் கொள்ளிடக் கரையில் ஒரு பழக்கம் இருந்தது. அக்கரையில் சிநேகிதர் வீட்டில் விசேஷம் என்றால், இக்கரைக்காரர் காலையில் ஓடம் ஏறுவார். விருந்து சாப்பிடுவார். வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு வார்த்தை பேசுவார். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார்.

ஆற்றுக்கு அக்கரை போவது அவ்வளவு சுலபம்.

கடலுக்கு அக்கரை?

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மா நிலம். கொஞ்சம் தென்னை. இரண்டு மாடு. வாலிபத்தில் அவர் திருச்சியில் தொழிற்பயிற்சி படித்தார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன், கொட்டப்பட்டு அகதி முகாமில் இருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பையன். ஒரே தூக்குச் சட்டியில் இருவரும் சாப்பிட்டார்கள். 2009-ல் இலங்கையில் சண்டை ஓய்ந்தது. சில வருஷம் கழித்து அந்த நண்பன் சொந்த ஊருக்குத் திரும்பினான். இப்போது உரும்பிராய்ப் பக்கம், செம்மண் தோட்டத்தில், வெங்காயம் போடுகிறான்.

இருவரும் டெலிபோனில் பேசிக்கொள்கிறார்கள். முகத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

"ஒருக்கா வாவன் மச்சான்!" என்கிறான் அவன்.

"வர்றேன்டா, வர்றேன்டா" என்கிறார் இவர்.

வருஷம் ஓடுகிறது. இவர் போனபாடில்லை.

என்ன தடை? கடலா? இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர்தான். நாகையில் இருந்து சென்னைக்குப் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. கப்பலில் ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரம். மன்னார்குடிக்காரர் பட்டணத்துக்குப் போய்ச் சேரும் முன்பே யாழ்ப்பாணக் கரையைப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் தடை என்ன? கட்டணம்!

கப்பல் வந்த கதை

2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரே கோலாகலம். "செரியபாணி" என்ற கப்பல் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. டெல்லியில் இருந்தபடியே பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். 150 பேர் போகலாம். ஏறக்குறைய 40 வருஷம் அறுந்து கிடந்த உறவு ஒட்டிக்கொண்டது என்று இரு கரையிலும் ஜனங்கள் பூரித்தார்கள்.

முதல் நாள் மட்டும் சலுகைக் கட்டணம். பிறகு வரியோடு சேர்த்து 7,670 ரூபாய். அதுவும் ஒரு வழிக்கு!

ஆறே நாள்தான். 20-ந் தேதி கப்பல் நின்றது. வடகிழக்குப் பருவ மழை வந்துவிட்டது.

அடுத்த வருஷம், 2024 ஆகஸ்டு 16-ந் தேதி, "சிவகங்கை" என்ற கப்பலைத் தனியார் கம்பெனி ஓட்டத் தொடங்கியது. இதிலும் 150 இடம். சாதாரண வகுப்புக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 5,000 ரூபாய். உயர் வகுப்புக்கு சுமார் 7,500. கட்டணம் ஏறாமல் இருக்க, நாகைத் துறைமுகச் செலவுக்காக மாதம் 25,000 டாலருக்கு மேல் ஒரு வருஷம் கொடுப்பதாக இந்திய அரசு சொன்னது. நல்ல காரியம். மழைக்காலத்தில் கப்பல் நின்றது. 2025 பிப்ரவரி 22-ந் தேதி மறுபடியும் ஓடியது.

கப்பல் விட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கடலில் நஷ்டம் வந்தாலும் வரட்டும் என்று துணிந்து இறங்குவது லேசான காரியம் அல்ல. ஆனால் பாராட்டோடு நின்றுவிட முடியாது. யாருக்காகக் கப்பல் என்று கேட்கத்தான் வேண்டும்.

ஏழு மூட்டை நெல்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2024-ல் இருந்த கட்டணப்படி போக 5,000. வர 5,000. ஓர் ஆளுக்கு 10,000 ரூபாய்.

2024-25-ல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். தஞ்சாவூர்க் கணக்கில் மூட்டை 60 கிலோ. 10,000 ரூபாய்க்கு ஏழு மூட்டைக்கு மேல் நெல் போட வேண்டும். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, மழைக்கும் புகையானுக்கும் தப்பித்து வந்த நெல்லில் ஏழு மூட்டை, ஒரு சிநேகிதனைப் பார்க்க!

நிலம் இல்லாதவருக்கு? அதே வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். ஒரு மாதம் முழுக்க மண் வெட்டினாலும் கப்பல் டிக்கெட்டு வாங்கக் காணாது.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் இரட்டிப்பு. பாஸ்போர்ட்டு எடுக்க ஆளுக்கு 1,500 ரூபாய் தனி. அங்கே வெறுங்கையோடு போக முடியுமா? நண்பன் வீட்டுக் குழந்தைகளுக்குத் துணிமணி, கும்பகோணம் வெற்றிலை, திருவையாறு அசோகா அல்வா என்று ஒரு பை நிறைய வேண்டாமா?

மன்னார்குடிக்காரர் "வர்றேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான். மனசு இல்லாமல் அல்ல. மடியில் காசு இல்லாமல்.

அந்தக் காலத்தில் எப்படி?

பெரியவர்களைக் கேட்டால் "போட் மெயில்" கதை சொல்லுவார்கள். சென்னை எழும்பூரில் கிளம்பும் ரெயில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கே இறங்கினால் கப்பல். 22 மைல் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இலங்கை ரெயில் தயாராக நிற்கும். கும்பகோணத்தில் ஏறிய ஆள் மூட்டை முடிச்சோடு கொழும்பில் போய் இறங்குவார்.

அந்தக் கப்பலில் துரைமார் மட்டுமா போனார்கள்? தேயிலைத் தோட்டக் கூலிகள் போனார்கள். மளிகைக் கடைச் சிப்பந்திகள் போனார்கள். நாதசுர வித்துவான்கள் போனார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா என்றால் தஞ்சை ஜில்லா நாதசுரம் இல்லாமல் களை கட்டாது. அங்கிருந்து வந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்க இங்கே கூட்டம் கூடும். மேளம் கடலைத் தாண்டிப் போய், கடலைத் தாண்டித் திரும்பி வந்தது.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்தில் இருந்து கப்பல் போயிற்று. 1980-களில் இலங்கையில் சண்டை மூண்டது. அதுவும் நின்றது. 2011-ல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் அதுவும் நின்றது.

நாகைக்கும் கப்பல் புதிது அல்ல. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று "ரஜூலா" ஓடிய காலம் உண்டு. பிறகு "எம்.வி. சிதம்பரம்" ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்தது. அந்தப் பயணமும் முடிந்தது. தஞ்சை ஜில்லாவில் பல வீடுகளில் இன்றும் பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டி அந்தக் கப்பல்களில் வந்ததுதான்.

அந்தக் கப்பல்களுக்கு ஒரு குணம் இருந்தது. மேல் தட்டில் பணக்காரருக்கு அறை இருந்தது. தளத்தில் ஏழைக்குப் பாய் விரிக்க இடமும் இருந்தது. சௌகரியம் குறைவுதான். ஆனால் ஏற முடிந்தது!

படைக் கப்பலும் உறவுக் கப்பலும்

சோழ நாட்டுக்கும் ஈழத்துக்கும் உள்ள தொடர்பு ஆயிர வருஷத்துக்கும் மேற்பட்டது. கோடிக்கரையில் படகு ஓட்டிய பூங்குழலியைத் தெரியாத தமிழ் வீடு உண்டா? கல்கி 1950-ல் எழுதத் தொடங்கிய "பொன்னியின் செல்வன்" கதையில் வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள்தானே?

கதையில் படகு. சரித்திரத்தில் படை. ராஜராஜ சோழன் படை அனுப்பி ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தான். அதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாள் கொண்டு போன கப்பலை அக்கரைக்காரர் எப்படிப் பெருமையாக நினைப்பார்? உறவுக் கப்பல் வேறு.

அந்த உறவுக்கும் சாட்சி உண்டு. காங்கேசன்துறைக்கு அருகில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் இருக்கிறது. சோழ ராஜகுமாரி ஒருத்தி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி நோய் தீர்ந்தாள் என்றும், அந்தக் கோயிலுக்காகச் சோழ நாட்டில் இருந்து வந்த காங்கேயன் சிலை இறங்கியதால் அந்தத் துறைக்குக் காங்கேசன்துறை என்று பெயர் வந்தது என்றும் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லுகிறார்கள்.

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தபடி பழைய ஏடுகளைத் தேடி அச்சிட்டார். அதே கும்பகோணத்தில்தான் உ.வே. சாமிநாத ஐயர் 1880 முதல் 1903 வரை கல்லூரித் தமிழாசிரியர். கறையான் தின்ன இருந்த தமிழ் நூல்களைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் இக்கரை. ஒருவர் அக்கரை.

நாகூர் தர்காவுக்கு அங்கிருந்து முஸ்லிம்கள் வருகிறார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்தவர்கள் வருகிறார்கள். சிதம்பரத்துக்கும் திருநள்ளாற்றுக்கும் சைவர்கள் வருகிறார்கள். மதம் வேறு, மொழி ஒன்று. போகிற வழியும் ஒன்றுதான்.

"விமானம் இருக்கிறதே!"

சிலர் கேட்பார்கள். "யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறதே! 2019-ல் சென்னையில் இருந்து விட்டார்கள். 2025-ல் திருச்சியில் இருந்தும் விட்டார்கள். இனிக் கப்பல் எதற்கு?"

விமானம் நல்லதுதான். ஆனால் விமானத்தில் மூட்டை ஏறாது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு தாய்நாட்டுக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு முகாம்களில் 2021-ல் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். முப்பது வருஷம் சேர்த்த பாத்திரம் பண்டம், தையல் மெஷின், சைக்கிள், பிள்ளைகளின் புத்தகம், இவற்றை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் மறுபடியும் அகதியாகப் போவது போல்தானே? கப்பலில் அதையெல்லாம் கொண்டுபோகலாம்.

இன்னும் சிலர், "கப்பல் விட்டால் கடத்தல் பெருகும்" என்பார்கள். கடத்தல்காரன் டிக்கெட்டு வாங்கி, பேர் எழுதிக் கொடுத்து, சுங்க அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டா போகிறான்? அவன் இருட்டில், விளக்கு இல்லாத படகில் போகிறான். நேர்வழி திறந்திருந்தால் குறுக்கு வழிக்கு வேலை குறையுமே தவிரக் கூடாது.

"பணத்துக்கு எங்கே போவது? தஞ்சாவூரில் வாய்க்கால் தூர் வாரவே காசு இல்லை" என்பது மூன்றாவது கேள்வி. இது நியாயமான கேள்வி. தள்ளிவிட முடியாது.

இதற்கு ஒரு பதில் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸிலேயே இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டு இல்லை. அரசு அந்தச் செலவை ஏற்கிறது. ஏன்? ஜனங்கள் நடமாடினால் வேலை நடக்கும், சந்தை நடக்கும், வீட்டுக்கு நாலு காசு வரும் என்பதால்தான். அமெரிக்காவிலும் இப்படி உண்டு. நியூயார்க் நகரத்தில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் கப்பலில் 1997 முதல் கட்டணமே கிடையாது. பணக்கார தேசத்திலேயே ஜனங்கள் கடக்கும் துறையை லாபக் கடையாக நினைக்கவில்லை.

நாகைக் கப்பலை இலவசமாக விடச் சொல்லவில்லை. 150 இடத்தில் 50 இடத்தையாவது ஏழைக்கு என்று ஒதுக்கி, ஒரு வழிக்கு 1,500 ரூபாய்க்குக் கொடுத்தால் போதும். மீதியை அரசு கம்பெனிக்குக் கொடுக்கட்டும். காலி நாற்காலியோடு போகிற கப்பலைவிட, ஆள் ஏறிய கப்பல் இரு கரைக் கடைத்தெருவுக்கும் நல்லது.

மீனவர் கண்ணீர்

இந்தக் கடலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மறைத்துப் பேசிப் பயன் இல்லை.

நாகை, காரைக்கால் விசைப்படகுக்காரர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு பறிபோகிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. இது இக்கரைக் கண்ணீர்.

அக்கரையிலும் கண்ணீர் உண்டு. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மீனவர்கள் நினைத்தபடி கடலில் இறங்க முடியாமல் இருந்தார்கள். இப்போதுதான் தலையெடுக்கிறார்கள். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவை மடி, அவர்களுடைய வலையையும் அறுக்கிறது, மீன் குஞ்சையும் அழிக்கிறது. 2017-ல் இலங்கை அந்த மடியைச் சட்டத்தால் தடுத்தது. பிடிபடுகிறவனும் தமிழன். பிழைப்பை இழக்கிறவனும் தமிழன்.

இதைக் கப்பல் தீர்த்துவிடுமா? தீர்க்காது. ஆனால் நாகை மீனவர் வீட்டுப் பெண்கள் ஐம்பது பேர் பருத்தித்துறைக்குப் போய், அங்கே அறுந்த வலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், பேச்சின் தொனி மாறும். அவர்கள் இங்கே வந்து, புருஷன் சிறையில் இருக்கும் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலும் மாறும். முகம் தெரியாதவன் மேல்தான் கோபம் மூட்டை மூட்டையாக வரும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கப்பலுக்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். கப்பல் நிற்கட்டும். தஞ்சாவூர்க்காரனுக்கு அதில் நஷ்டம் இல்லை. அப்போது அவன் சம்பா வயலில் நிற்பான். தையில் அறுவடை முடியும். மாசியில் கை ஓயும். கடலும் அடங்கும். மாசி முதல் புரட்டாசி வரை இன்ன கிழமை போகும், இன்ன கிழமை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கப்பல் நிற்பதைவிடத் தேதி தெரியாமல் நிற்பதுதான் ஜனங்களை அலைக்கழிக்கிறது.

இரண்டாவது, பாஸ்போர்ட்டு. தஞ்சாவூரில் பாஸ்போர்ட்டு சேவை மையம் இருக்கிறது. ஆனால் கிராமத்து ஜனங்களுக்கு அந்த விண்ணப்பமே ஒரு காடு. தாலுகாதோறும் மாதம் ஒரு நாள் முகாம் போட்டு, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவலாம்.

மூன்றாவது, மூட்டைக்கு இடம். ஏழை சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவன் அல்ல. இங்கிருந்து அரிசி கொண்டுபோவான். அங்கிருந்து பனங்கட்டியும் ஒடியலும் கொண்டுவருவான்.

நாலாவதுதான் முக்கியம். மாதம் ஒரு நாள் "ஒரு நாள் பயணம்" வேண்டும். அதிகாலை ஆறு மணிக்கு நாகையில் கப்பல் கிளம்பட்டும். பத்து மணிக்குக் காங்கேசன்துறை. மாலை நாலு மணிக்கு அங்கே கிளம்பட்டும். இரவு எட்டு மணிக்கு நாகை. அடுத்த முறை அங்குள்ளவர்கள் இப்படி இங்கே வரட்டும். சிங்கப்பூரில் காலையில் கப்பல் ஏறி இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய், மாலையில் திரும்புகிறவர்கள் ஏராளம். அதுவும் இரண்டு தேசம்தான். அங்கேயும் பாஸ்போர்ட்டு உண்டு, சுங்கம் உண்டு. அங்கே நடப்பது இங்கே நடக்காதா? அங்கே ஒரு மணி நேரம், இங்கே நாலு மணி நேரம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆறு மணி நேரம் போதும்

அப்படி ஒரு நாள் வந்தால் மன்னார்குடிக்காரர் என்ன செய்வார்?

முதல் நாள் இரவே நாகைக்கு வந்து துறைமுகத்தின் அருகில் படுத்திருப்பார். விடியலில் கப்பல். காங்கேசன்துறையில் நண்பன் சைக்கிளோ ஆட்டோவோ வைத்துக்கொண்டு நிற்பான். காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் மறுபடியும் ஓடத் தொடங்கிய ரெயிலும் இருக்கிறது.

நண்பன் வீட்டில் ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. கிணற்றைக் காட்டுவான். ஒரு வாளித் தண்ணீரையும் வீணாக்காமல் வெங்காயப் பாத்திக்குத் திருப்புவதைக் காட்டுவான். காவேரித் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர், வாய் மூடி நின்று பார்ப்பார். அதுவும் ஒரு பாடம்தான்.

மத்தியானம் ஒடியல் கூழ். நண்பனின் அம்மா, "சாப்பிடுங்கோ தம்பி, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்பாள். முகாமில் இருந்தபோது அந்த அம்மாவுக்கு இவர் வீட்டில் இருந்து போன பொங்கல் அரிசியைப் பற்றிப் பேச்சு வரும். யாருடைய கண்ணாவது கலங்கும். நாலு மணிக்குக் கப்பல் என்று யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.

ஆறு மணி நேரம்தான். ஆனால் பல வருஷக் கடன் தீர்ந்துவிடும்.

இதற்காகக் கடலை வற்றச் செய்ய வேண்டியதில்லை. பாலம் கட்ட வேண்டியதில்லை. கப்பல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, இரு கரையிலும் காத்திருக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஓடக்காரன் துட்டு வாங்காமலே அக்கரை சேர்த்துவிட்ட ஏழைகள் கொள்ளிடக் கரையில் எத்தனையோ பேர். அந்த ஈவிரக்கம் நாகைத் துறைமுகத்துக்கும் வரட்டும். அன்றைக்குத்தான் அதை ஜனங்களின் கப்பல் என்று சொல்லலாம்.